ஆட்டுக்கு இட்ட பெயரும் தேர்தற் பொய்யும்

தேர்தற் காலத்தில் பொய் பரப்புவோரைச் சட்டத்தால் அடக்க வேண்டும் என்ற குரல் இன்று நாடெங்கும் எழுந்திருக்கிறது. ஒருவர் பேசாததைப் பேசியதாகவும், செய்யாததைச் செய்ததாகவும் கணினியின் துணைகொண்டு படமும் குரலும் ஆக்கிவிடக் கூடிய காலம் இது. முகம் அவருடையது, குரலும் அவருடையது, நிகழ்ச்சி மட்டும் நடவாதது. இதனை டீப்ஃபேக் என்கின்றனர். நாம் போலிப்படம் என்றே வழங்குவோம். இதனைச் சட்டம் தடுக்கலாமா? தடுப்பதாயின் எதனைத் தடுக்க வேண்டும்? தடுக்கும் கோல் யார் கையில் இருத்தல் வேண்டும்? பொய்யாமையைச் சீலமாக ஏற்றுக்கொண்ட நாம், பொய்தானே, தடை செய்க என்று ஒரே சொல்லில் தீர்ப்பளித்துவிட்டு அப்பாற் செல்வதற்கில்லை. ஏன் என்பதை ஒரு பழைய வரலாற்றிலிருந்து தொடங்குகிறேன்.

விநயபிடகத்தில் வரும் வரலாறு இது. ராஜகிருகத்தில் தப்பமல்லபுத்தர் என்னும் தேரர், வந்து சேரும் பிக்குகளுக்கு உறைவிடம் ஒதுக்குவதும், உணவளிக்க அழைக்கும் இல்லங்களுக்கு அவர்களைப் பிரித்தனுப்புவதுமாகிய பொறுப்பைச் சங்கத்தின் ஆணைப்படி ஏற்றிருந்தார். மெத்தியர், பும்மஜகர் என்பாரைச் சார்ந்த சில பிக்குகளுக்கு நல்ல இடமும் நல்ல சோறும் வாய்க்கவில்லை. இது தப்பருடைய சூழ்ச்சியே என்று அவர்கள் உள்ளம் புழுங்கினர். முதலில் மெத்தியை என்னும் பிக்குணியைத் தூண்டி, தப்பர் தன்னைக் கெடுத்தார் என்று முறையிடச் செய்தனர். விசாரணையில் அது பொய்யென வெளிப்பட்டது. அதன் பின்னும் அவர்கள் அடங்கினாரில்லை. கழுகு மலையிலிருந்து இறங்கி வருகையில் ஓர் ஆட்டுக்கடா பெண்ணாட்டுடன் கூடுவதைக் கண்டனர். அக்கடாவுக்குத் தப்பமல்லபுத்தர் என்று பெயரிட்டனர். பெண்ணாட்டுக்கு மெத்தியை என்று பெயரிட்டனர். பின்பு மற்றப் பிக்குகளிடம் சென்று, முன்னர்க் கேள்விப்பட்டதைக் கூறினோம், இப்பொழுதோ எங்கள் கண்களாலேயே கண்டோம் என்று சாதித்தனர்.

இந்தச் சூழ்ச்சியைச் சற்று நின்று நோக்குங்கள். ஆடு மெய். அவர்கள் கண்டதும் மெய். பெயர் ஒன்றே பொய். அந்தப் பெயரையும் தாமே இட்டுவிட்டபடியால் தாம் சொன்னது சொல்லளவில் மெய்யே என்று தமக்குத் தாமே சமாதானமும் செய்துகொண்டிருப்பர். ஒருவன் உடலின் மேல் மற்றொருவன் பெயரை ஒட்டும் இந்தக் கைத்தொழில், கணினி பிறப்பதற்கு ஈராயிரம் ஆண்டுகட்கும் முன்பே நம் நாட்டில் இருந்திருக்கிறது!

பிக்குகள் அவர்களை நிறுத்தி விசாரித்தனர்; உண்மை வெளிவந்தது. வேறொன்றைச் சாக்காகக் கொண்டு ஒரு பிக்குவின் மேல் மிகப் பெருங்குற்றம் சுமத்துவது சங்காதிசேசம் என்று விதி பிறந்தது. சங்கத்திலிருந்து நீக்குதற்குரிய பாராஜிகத்திற்கு அடுத்த படியிலுள்ள கடுங்குற்றம் அது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. விநயத்தில் எல்லாப் பொய்க்கும் ஒரே தண்டனை இல்லை. தான் அடையாத ஞானநிலையை அடைந்ததாக அறிந்தே பொய்யுரைத்து ஊராரை நம்பவைப்பது பாராஜிகம். குற்றமற்றவன் மேல் பெரும்பழி சுமத்துவது சங்காதிசேசம். மற்றபடி அறிந்து சொல்லும் பொய், ஒப்புக்கொண்டு தீர்த்துக்கொள்ளத்தக்க பாசித்தியம். வாய் தவறி வந்த சொல்லும், அவசரத்தில் பிழைபட வந்த சொல்லும் குற்றமே அல்ல. பொய்யால் யாருக்கு எவ்வளவு கேடு, சொன்னவன் அறிந்து சொன்னானா என்ற இரண்டையும் எடைபோட்ட பின்பே தண்டனை வகுக்கப்பட்டது. ஆட்டுக்குப் பெயரிடுவதை விநயம் தடை செய்யவில்லை என்பதையும் மறவாதீர்கள்.

நிற்க. நம் நகரத்திற்கு வருவோம். 2024-ஆம் ஆண்டு மே மாதம், நாடாளுமன்றத் தேர்தலின் வாக்குப்பதிவு பல கட்டங்களாக நடந்துகொண்டிருந்த வேளையில், மேற்கு வங்க முதலமைச்சராக இருந்த மம்தா பானர்ஜி மேடையில் ஆடுவது போன்றதொரு போலிப்படம் உலவியது. யாரோ ஒரு பாடகர் மேடையில் துள்ளிய காட்சியில் அவர் முகத்தைப் பொருத்தியிருந்தனர். கொல்கத்தாக் காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவு, வெளியிட்டவரின் பெயரையும் முகவரியையும் கேட்டு, தராவிடில் அப்பொழுது நடப்பிலிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவின்படி நடவடிக்கை எடுக்கப்படும் என்று எக்ஸ் தளத்திலேயே எச்சரித்தது. அதே நாட்களில் பிரதமர் நரேந்திர மோடியின் முகத்தைப் பொருத்திய அதே போன்றதோர் ஆட்டப் படமும் உலவியது. அவரோ, தாம் ஆடுவதைத் தாமும் கண்டு களித்ததாக எழுதி அதனைத் தாமே பகிர்ந்தார். ஒரே வகைப் படம். ஒன்றுக்குக் காவலர் வந்தார், மற்றொன்றுக்குக் கைதட்டல் கிடைத்தது. இதனைக் கொண்டு இன்னார் பெருந்தன்மையர், இன்னார் சிறுமையர் என்று சான்றிதழ் வழங்க நான் வரவில்லை. பிரதமரைக் கேலி செய்து வழக்கிற்கு ஆளானவர்களும் இந்நாட்டில் உண்டு. கேலிக்கு ஆளானவரின் அன்றைய மனநிலையே சட்டத்தின் பொருளாகிவிட்டால் குடிமகன் எதனை நம்பி வாய் திறப்பது என்பதே என் கேள்வி.

இந்நகரம் இதனை முன்னரே ஒரு தடவை அனுபவித்தது. 2012 ஏப்ரலில் ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தின் வேதியியற் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா கைது செய்யப்பட்டார். ரயில்வே அமைச்சர் மாற்றப்பட்டதைப் பற்றி, சத்யஜித் ராயின் 'சோனார் கெல்லா' திரைப்படத்தை நினைவூட்டி யாரோ வரைந்த கேலிச்சித்திரத்தை மின்னஞ்சலில் பிறருக்கு அனுப்பியதே அவர் செய்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவு அவர்மேல் பாய்ந்தது. எரிச்சலூட்டுவது, இடையூறு விளைப்பது என்றெல்லாம் எல்லையற்ற சொற்களால் எழுதப்பட்ட பிரிவு அது. மூன்றாண்டு வரை சிறை விதிக்க வல்லது. 2015 மார்ச் 24-ஆம் நாள் உச்சநீதிமன்றம் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் அப்பிரிவையே செல்லாததாக்கிவிட்டது. ஆயினும் பேராசிரியரின் வழக்கு முடிந்தபாடில்லை. 2023 ஜனவரியில்தான் அலிப்பூர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஒரு சிரிப்புக்குப் பத்தாண்டுக்கு மேற்பட்ட வழக்கு! சுவரெல்லாம் தேர்தற் பாட்டும் கேலிச்சித்திரமும் தீட்டி, எதிர்க்கட்சிக்காரனும் நின்று படித்துச் சிரித்துவிட்டுப் போகும் வங்காளத்தில் இது நடந்தது.

இவ்விடத்தில் ஓர் அன்பர் என்னை மடக்கினார். ராகுலருக்கு அம்பலட்டிகையில் உபதேசித்தபோது, விளையாட்டுக்காகவும் பொய் சொல்லலாகாது எனப் பயில்க என்று பகவான் கூறினாரே. கேலிப்படம் செய்தவன் சீலம் கெட்டவன் ஆகானோ. காவலர் செய்தது தகும் அன்றோ என்றார். நல்ல கேள்வி. சீலம் என்பது நான் எனக்கு இட்டுக்கொள்ளும் கட்டு. பிறனுக்காக அதனை நான் ஏற்றுக்கொள்ள இயலாது. ராகுலருக்குச் சொல்லப்பட்டது, துறவு பூண்டு தன்னைத்தானே பார்த்துப் பயிலும் மாணவனுக்குச் சொல்லப்பட்டது. அதனைக் காவல் நிலையத்து முத்திரையாக மாற்றினால் சீலமும் கெடும், காவலும் கெடும். மேலும், பொய் முழுமையாவதற்கு நான்கு உறுப்புகள் வேண்டும் என்று அட்டகதை ஆசிரியர்கள் வகுத்துள்ளனர்: பொருள் மெய்யல்லாததாக இருத்தல், ஏமாற்றும் எண்ணம், அதற்கான முயற்சி, கேட்டவன் அதனை அவ்வாறே விளங்கிக்கொள்ளுதல். ஆட்டப் படத்தைக் கண்டு முதலமைச்சர் மெய்யாகவே அப்படி ஆடினார் என்று எவரேனும் நம்பினாரா? நம்பவைக்கும் எண்ணமாவது இருந்ததா? இரண்டும் இல்லாத இடத்தில் நாகரிகக் குறைவு இருக்கலாம், சுவைக் குறைவு இருக்கலாம், பொய்க்குற்றம் இல்லை.

ஆனால் கேலியும் வீடு விட்டு வீடு போகும்போது உரு மாறும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நகரத்து இளைஞன் சிரித்து அனுப்பியதை, நான்கு கை மாறிய பின் கிராமத்தில் ஒரு மூதாட்டி மெய்யென்று கண்ணீர் விட்டுக் காணக்கூடும். அங்கே குற்றம் யாருடையது? கேலி என்னும் அடையாளத்தைக் கத்தரித்து எறிந்துவிட்டு, செய்தி என்று பெயர் மாற்றி அனுப்பினவன் ஒருவன் நடுவில் இருக்கிறான். ஆட்டுக்குப் பெயரிட்டவன் அவனே.

இனி மெய்யாகவே ஏமாற்றுகிறவனைப் பார்ப்போம். அறிந்து சொல்லும் பொய்யைப் பற்றிய பாசித்திய விதிக்குக் காரணமானவர் ஹத்தகர் என்னும் சாக்கிய பிக்கு. பிற சமயத்தாருடன் வாதிடும்போது ஒப்புக்கொண்டதை மறுப்பார், மறுத்ததை ஒப்புக்கொள்வார். ஏன் இப்படி என்று கேட்டபோது, எதிரிகளை எவ்வாறேனும் வெல்ல வேண்டும், அவர்களுக்கு வெற்றியை விட்டுக்கொடுக்கலாகாது என்பதே அவர் தந்த விடை. இன்றைய தேர்தல் அலுவலகம் எதிலும் இந்த விடையைக் கேட்கலாம். நம் கட்சிக்காரர்களில் படித்தவர்கள், குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தது என்ற வள்ளுவரின் கருத்தையும் துணைக்கு இழுப்பர். குற்றமற்ற நன்மை என்ற நிபந்தனையை மட்டும் மெல்ல விழுங்கிவிடுவர். ஒருவன் மானத்தை அழித்துப் பெறும் வாக்கில் குற்றமற்ற நன்மை எங்கே இருக்கிறது?

நம் நாட்டுச் சட்டம் இவ்வகைப் பொய்யை அறியாதது அன்று. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு, நான்காம் உட்பிரிவு சொல்வதைக் கேளுங்கள்: ஒரு வேட்பாளரின் சொந்த ஒழுக்கத்தையோ நடத்தையையோ பற்றிப் பொய்யான செய்தியை, பொய்யென்று நம்பியோ மெய்யென்று நம்பாமலோ, அவர் வெற்றிக்குக் கேடு விளையத்தக்க வகையில், மற்றொரு வேட்பாளரோ அவர் முகவரோ அவர்கள் இசைவு பெற்றவரோ வெளியிடுவது ஊழல் நடவடிக்கை. நிரூபணமானால் தேர்தலே செல்லாதாகும். மெய்யென்று நம்பாமல் என்ற அந்தச் சொல் எனக்கு மிகவும் பிடித்தது. சபையிலோ சுற்றத்தார் நடுவிலோ அரசவையிலோ சாட்சி சொல்ல அழைக்கப்பட்டவன், தான் அறியாததை அறிந்தேன் என்று கூறுவதும் பொய்யே எனப் பகவான் சாலேய்யக சூத்திரத்தில் கூறியதற்கு அது மிக அருகில் நிற்கிறது.

சொல் நன்று, செயல் எவ்வாறு? இவ்வழக்கை உயர்நீதிமன்றத்தில் 45 நாட்களுக்குள் தொடுக்கலாம். அதுவும் முடிவு வெளியான பிறகே. வழக்கு முடிவதற்குள் பதவிக்காலம் பெரும்பாலும் கரைந்துவிடும். மற்றொரு பக்கம், 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 175-ஆம் பிரிவு, தேர்தலைப் பாதிக்கும் எண்ணத்துடன் வேட்பாளரைப் பற்றிப் பொய்யுரை வெளியிடுவோனுக்கு அபராதம் மட்டுமே விதிக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 171-ஜி பிரிவும் அவ்வாறே இருந்தது. கேலிச்சித்திரத்தை அனுப்பியவனுக்கு மூன்றாண்டுச் சிறை என்று ஒரு சட்டம், மானத்தை அழிக்கும் பொய்யனுக்கு அபராதம் என்று ஒரு சட்டம், இரண்டும் ஒரே நாட்டில் ஒரே காலத்தில் இருந்தன. விநயம் வகுத்த வரிசை தலைகீழாக நின்ற காட்சி அது.

அதே 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 127-ஏ என்றொரு சிறு பிரிவு உண்டு. தேர்தல் துண்டுப் பிரசுரத்திலும் சுவரொட்டியிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் ஆகியோரின் பெயரும் முகவரியும் இருத்தல் வேண்டும் என்பது அது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வக்கீல்கள் இதனைப் பெரிதாகக் கருதுவதில்லை. ஹூக்ளிக் கரையில் சணல் ஆலையின் தறிப் பகுதியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்த எனக்கு இது மிகப் பெரிதாகத் தோன்றுகிறது. ஒருமுறை எங்கள் சங்கத் தேர்தலுக்கு முந்திய இரவில், நின்றவர்களில் ஒருவர் நிர்வாகத்திடம் பணம் பெற்றார் என்று பெயரில்லாத பிரசுரம் ஒன்று வரிசை வீடுகளின் கதவுகளிலெல்லாம் செருகப்பட்டது. காலைச் சங்கு ஊதுவதற்குள் எல்லாரும் படித்தாயிற்று. அவர் மறுப்பதற்கு ஷிப்டு முடியவேண்டும். அதற்குள் வாக்கும் முடிந்துவிட்டது. தாளின் அடியில் ஓர் அச்சகத்தின் பெயர் இருந்திருந்தால், தொழிலாளர்களில் பாதிப்பேர் அங்கே சென்று, யாரப்பா இதற்குக் காசு கொடுத்தது என்று கேட்டிருப்பர். கேட்பார்கள் என்று தெரிந்தாலே பிரசுரம் அச்சாகியிராது. பொய்க்கு வேண்டிய முதற்பொருள் துணிவு அன்று; மறைவிடம்.

இந்த மறைவிடத்தைக் கலைக்கும் முயற்சி ஓரளவு தொடங்கியுள்ளது. 2024 மே 6-ஆம் நாள் தேர்தல் ஆணையம், போலிப்படம் தம் பக்கங்களில் வந்ததாக அறிந்தால் மூன்று மணி நேரத்திற்குள் நீக்குமாறு கட்சிகளுக்கு அறிவுறுத்தியது. 2025 அக்டோபரில், செயற்கையாக ஆக்கப்பட்ட படத்தில் காட்சிப் பரப்பின் பத்தில் ஒரு பங்கேனும், குரலாயின் தொடக்கப் பத்தில் ஒரு பங்கேனும் அவ்வாறு அடையாளம் இருக்க வேண்டும் என்றும், ஆக்கியவர் பெயர் தெரிய வேண்டும் என்றும் கூறியது. 2026 பிப்ரவரி 20 முதல் நடப்புக்கு வந்த மத்திய அரசின் திருத்த விதிகளும் இத்தகைய அடையாளத்தைக் கட்டாயமாக்கின. நல்லதே. எனினும் அடையாளம் ஒட்டுகிறவன் நாணயமுள்ளவன். நாணயமற்றவன் தன் கட்சியின் பக்கத்தில் வெளியிடமாட்டான். பெயரற்ற ஒரு கணக்கிலிருந்து வாட்ஸ்அப்பில் விடுவான்.

அன்றியும், ஏமாற்றுக்குக் கணினி ஆக்கிய படம் வேண்டுவதில்லை. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகின்றனர் என்று பரவிய படங்களை நினைத்துப் பாருங்கள். வேறு இடத்தில், வேறு காரணத்தால், வேறு மனிதரிடையே நடந்த சண்டைகளின் படங்கள் அவை. ஒரு புள்ளிகூடக் கணினியால் ஆக்கப்பட்டதன்று. தலைப்பு மட்டும் பொய். அந்தத் தலைப்பை நம்பி அஞ்சிய ஏழைகள் வேலையை விட்டு ரயிலேறினர். பீகார் அரசு ஆராய்வதற்குக் குழு அனுப்ப வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டுக் காவல்துறை வழக்குகள் பதிந்தது. பிழைப்பைத் தேடி மொழி தெரியாத ஊருக்கு வந்தவன் எவ்வளவு எளிதில் அஞ்சுவான் என்பதை, தமிழனாக இந்த நகரத்தில் வாழும் எனக்கு ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. செயற்கைப் படம் எது, இயற்கைப் படம் எது என்று மட்டும் தேடுகிற சட்டம் இந்தப் பொய்யைக் காணாது, கேலிப்படக்காரனையே கண்டுபிடிக்கும். கருவியைத் தேடாமல், பெயரை மாற்றியவன் யார், அறிந்து மாற்றினானா என்று தேடவேண்டும்.

இடையே ஒரு தமிழ்நாட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2018-இல் மறைந்த கலைஞர் கருணாநிதி 2024 ஜனவரியில் ஒரு நூல் வெளியீட்டு விழாவின் திரையில் தோன்றிப் பேசினார். 2016-இல் மறைந்த ஜெயலலிதாவின் குரல் 2024 பிப்ரவரியில் அவர் பிறந்த நாளன்று கட்சியினருக்கு வேண்டுகோள் விடுத்தது. யாரும் ஏமாறவில்லை; இறந்தவர் என்பதை அனைவரும் அறிவர். ஆகவே அட்டகதையின் கணக்கில் இது பொய்யில் சேராது. என் மனம் என்னவோ ஒப்பவில்லை. ததாகதர் உரைக்காததை உரைத்ததாகச் சொல்பவன் அவரைப் பழிக்கிறான் என்று அங்குத்தர நிகாயம் கூறுகிறது. உயிரோடிருப்பவருக்கு மறுக்க வாய் உண்டு. இறந்தவரின் வாயை எடுத்து அவர் சொல்லாத புகழுரையைச் சொல்லவைப்பது, சட்டம் தொடாவிட்டாலும், தொண்டர்கள் வெட்கப்பட வேண்டிய காரியம்.

இனிக் கோல் யார் கையில் என்பதற்கு வருகிறேன். மத்திய அரசு 2023-ஆம் ஆண்டு விதித்திருத்தத்தின் வாயிலாக, தன் செயல்களைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று கூறத் தானே ஓர் உண்மை சரிபார்ப்புப் பிரிவை அமைக்க முற்பட்டது. பம்பாய் உயர்நீதிமன்றம் 2024 செப்டம்பரில் அதனைச் செல்லாதென்றது. நகைச்சுவைக் கலைஞர் ஒருவர் தொடுத்த வழக்கு அது என்பது பொருத்தமாகவே இருக்கிறது. 2026 விதிகளின்படி, நீதிமன்றமோ அரசோ ஆணையிட்டால் மூன்று மணி நேரத்தில் நீக்கவேண்டும். நீதிமன்றம் என்னும் சொல்லை வரவேற்கிறேன். அரசு என்னும் சொல்லைக் கண்டு தயங்குகிறேன், அது எந்தக் கட்சியின் அரசாயினும் சரி. தேர்தலில் நிற்கும் ஒருவன் தன்னைப் பற்றிய செய்தியின் மெய்ம்மைக்குத் தானே நீதிபதியாகலாமா? தப்பரே ஆயினும் தம் வழக்கில் தாம் தீர்ப்புச் சொல்லவில்லை. சங்கம் கேட்டது, அவர் விடை சொன்னார்.

வெளிநாடுகளும் இதில் தடுமாறியே நிற்கின்றன. தென் கொரியா, தேர்தலுக்கு முன் 90 நாட்கள் பிரசாரத்தில் போலிப்படமே கூடாதென்று 2024 ஜனவரி முதல் முற்றாகத் தடுத்துவிட்டது. கலிபோர்னியாவில் 2024-இல் இயற்றிய இரு சட்டங்களை, கமலா ஹாரிஸைக் கேலி செய்து படம் ஆக்கிய ஒருவர் எதிர்த்து வழக்காட, 2025 ஆகஸ்டில் நீதிமன்றம் இரண்டையும் வீழ்த்தியது. ஸ்லோவாக்கியாவிலோ 2023 செப்டம்பரில், பிரசாரம் ஓய்ந்த 48 மணி நேரத்தில், ஒரு கட்சித் தலைவர் வாக்குகளை விலைக்கு வாங்கப் பேசியதாகப் போலிக் குரல் பரவியது. அமைதிக் காலச் சட்டம் மறுப்பவரின் வாயைத்தான் கட்டிற்று. நம் நாட்டிலும் 126-ஆம் பிரிவின்படி அதே 48 மணி நேர அமைதி உண்டு. எங்கள் ஆலைப் பிரசுரம் செருகப்பட்ட இரவைப் போன்றது அந்த நேரம்.

தப்பமல்லபுத்தரின் கதையில் இன்னும் ஒரு பகுதி இருக்கிறது. பழி சுமத்தியவர்களுக்குக் குற்றம் விதித்ததோடு சங்கம் நிற்கவில்லை. தப்பரைச் சபைக்கு வரவழைத்து, அவர் மூன்று முறை வேண்ட, தீர்மானத்தை முன்மொழிந்து மூன்று முறை அறிவித்து, சதிவிநயம் என்னும் தீர்ப்பை வழங்கியது. இவர் குற்றமற்றவர், இப்பழியை இனி எவரும் இவர்மேல் எழுப்பலாகாது என்பது அதன் பொருள். பழியைக் கேட்ட அதே சங்கத்தின் காதிலேயே விடுதலையும் ஓதப்பட்டது. நம் சட்டங்களில் நீக்குதல் இருக்கிறது, அபராதம் இருக்கிறது, சிறையும் இருக்கிறது. வாக்குப்பதிவுக்கு முன்பே ஒரு நீதிபதி கேட்டு முடித்து, பொய் எத்தனை கைப்பேசிக்குப் போயிற்றோ அத்தனை கைப்பேசிக்கும் இவர் குற்றமற்றவர் என்ற செய்தியை அதே வழியில் அனுப்ப வேண்டும் என்று எந்தப் பிரிவு சொல்கிறது? பொய்யைச் சுமந்து சென்று காசு பெற்ற நிறுவனங்களுக்கு அந்த வழி தெரியாததன்று. அடுத்த தேர்தல் வழக்கில் ஒரு வக்கீல் இதனைக் கேட்டுப் பார்க்கட்டும்.